மிளகுக்கொடிக்கு எத்தனை இலை

கல்யாணமாகி மலைக்கு வருவதற்கு முன்பு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான்கு வருடம் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். மலையில் கணவரோடு மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டாலும் அந்த வேலையை விட மனம் வரவில்லை. சேந்தமங்கலத்தில் லேசர் கட்டிங் கடை வைத்திருந்தவரிடம் நானே போய் வேலை கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் கொடுக்கும் சின்னங்களை அவர் போனில் அனுப்புவார், நான் அவற்றை இயந்திரம் வெட்டுவதற்கான கேட் (CAD) டிராயிங்காக மாற்றித் தர வேண்டும். போனில் வரும் படம் வெறும் புள்ளிகளின் கூட்டம். இயந்திரத்துக்கோ கோடு வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று தெரிய வேண்டும்.

முதல் வேலையே எங்கள் மலையின் மிளகு விவசாயிகள் சங்கத்துடையதாக அமைந்தது. மூட்டைகளின் மேல் வைத்துப் பெயிண்ட் அடிக்க அவர்களுக்கு ஸ்டென்சில் தகடு வேண்டியிருந்தது. சின்னத்தின் அசல் யாரிடமும் இல்லை. கை மாறிக் கை மாறி வந்த, கட்டைவிரல் நகம் அளவுப் படம் ஒன்றுதான் இருந்தது. வட்டத்தைச் சுற்றிச் சங்கத்தின் பெயர், நடுவில் மங்கலாக ஏதோ ஒன்று. எனக்கு அது குத்துவிளக்காகத் தெரிந்தது. தானாகவே கோடு பிடித்துத் தரும் மென்பொருளில் படத்தைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் டிராயிங் வந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு வட்டத்துக்கு ஆயிரம் துண்டுக் கோடு. மிஷின் நின்னு நின்னு போவுது. எழுத்துச் சுழிக்குள்ள இருந்த தகடெல்லாம் கழண்டு கீழ உழுந்துருச்சுங்க. இந்த வேலைய நான் சேலத்துலயே குடுத்துக்கறேன்."

பட்டறையில் நான்கு வருடம் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு நாள் குடுங்க. மறுபடியும் தப்பாப் போனா நானே உங்ககிட்ட வேலை கேக்க மாட்டேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தரோணுங்க" என்று வைத்துவிட்டார்.

பழைய டிராயிங்கை முழுவதும் அழித்தேன். மங்கலான படத்தைக் கீழே வைத்து அதன் மேல் வட்டத்தை வட்டமாகவே போட்டேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து, உள்ளே இருக்கும் தகடு விழாமலிருக்க ஒவ்வொரு சுழிக்கும் சின்னப் பாலம் விட்டேன். மதியத்துக்குள் எழுத்து முடிந்தது. நடுவில் இருந்ததுதான் பிடிபடவில்லை. பெரிதாக்கினால் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரிந்தன. சங்கச் செயலாளரைக் கேட்டேன்.

"வெளக்குன்னே வெச்சுக்க கண்ணு. யாரு உத்துப் பாக்கப் போறாங்க?" என்றார்.

"வரைஞ்சது யாருங்கண்ணா?"

அவர் சலித்துக்கொண்டார். வரைந்தது ஒரு பெண். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. மிளகு காய வைக்கும் களத்தை எங்கே போடுவது என்ற தகராறில் விலகிப் போய்விட்டாளாம். "அந்தப் பொண்ணுகிட்டப் போயி நிக்காத" என்றார்.

நான் போனேன். இரண்டு ஊர் தள்ளி, தன் காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சங்கத்தின் பெயரைச் சொன்னதும் ஏணியிலிருந்து இறங்காமலே பேசினார்.

"சங்கத்து வேலைக்கு நான் எதுக்கு வரோணும்? போ கண்ணு."

"சங்கம் என்னை அனுப்பலீங்க அக்கா. எனக்குத்தான் தெரியோணும். நடுவுல இருக்கறது என்னங்க? நான் வெளக்குன்னு நெனச்சு வரைஞ்சுட்டேன்."

"வெளக்கா?"

இறங்கி வந்தார். போனில் மிச்சமிருந்த என் முதல் டிராயிங்கைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"இதையா மூட்டையில அடிக்கப் போனீங்க? இது சில்வர் ஓக்கு மரம். அதுல ஏறுறது மிளகுக்கொடி. ஒரு வாரம் ஒக்காந்து வரைஞ்சேன் நானு."

பக்கத்து மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார். இலை தண்டிலிருந்து எப்படித் திரும்புகிறது, சரம் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் நோட்டில் வரைந்துகொண்டேன்.

"அஞ்சு எலைங்களா அக்கா?"

"ஏழு. நாங்க ஏழு பேரு ஆரம்பிச்சோம். ஏழு எலைதான் போட்டேன்."

அன்று மாலையும் மறுநாளும் அந்தக் கொடியிலேயே போயின. ஒரு இலைக்கு நான்கு வளைவுக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அப்போதுதான் இயந்திரம் தங்குதடையின்றி ஓடும். ஆறாவது இலை தண்டோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. எட்டு முறை அழித்து வரைந்த பிறகு சரியாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அனுப்பினேன்.

மதியம் கடைக்காரரிடமிருந்து வெட்டிய தகட்டின் போட்டோ வந்தது. கூடவே, "மிஷின் எங்கயும் நிக்கலீங்க" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே பேளுக்குறிச்சியில் புதிதாகத் திறக்கும் பேக்கரியின் சின்னம்.

சங்கத்தில் முதல் மூட்டைக்குப் பெயிண்ட் அடித்தபோது நானும் நின்றிருந்தேன். செயலாளர் தகட்டைத் தூக்கி, ஈரம் காயாத கொடியைப் பார்த்தார். அவர் விரல் ஒவ்வொரு இலையாக நகர்ந்தது.

"ஏழு போட்டிருக்கற?"

"வரைஞ்சவங்க ஏழுன்னாங்க அண்ணா."

என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அடுத்த மூட்டைய எடுங்கப்பா" என்று ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த அக்கா சங்கத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். டிராயிங்கைப் பார்க்க வேண்டும் என்றார். திரையில் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். எவ்வளவு பெரிதாக்கியும் கோடு உடையாததைக் கண்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு திரையருகே குனிந்து மூன்றாவது இலையைக் காட்டினார்.

"இதோட நுனி இன்னுங் கொஞ்சம் கூரா இருக்கோணும்."

"தகடு வெட்டியாச்சுங்களே அக்கா."

"பரவால்ல. நீ இதுல மாத்தி வெய்யி."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினேன்.