பெரிய வெள்ளியில் ஓர் அடக்கம்

சாகிறதுக்கு ஒரு நாள் பார்க்கத் தெரியாத மனுஷன் சிங்கராயர். வருஷத்தில் இருக்கிற நாளையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

மத்தூருக்கு மேற்கே மேட்டின் மேலிருந்த சூசையப்பர் கோவிலை வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டினார்கள். கட்டிய கையோடு பெங்களூரிலிருந்து ஒரு குழாய் ஆர்கனை மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஓசூர் வழியாகக் கொண்டுவந்தார்கள். வாசிக்க உபதேசியார் அருள்ஜோசப் இருந்தார். பின்னால் நின்று, குழாய்களுக்குக் காற்றேறத் துருத்திக் கட்டையை அமுக்க ஆள் வேண்டுமே? வாட்டசாட்டமான சிங்கராயரைப் பிடித்து நிறுத்தினார்கள். கல்யாணமோ சாவோ, உழவைப் போட்டது போட்டபடி ஓடுவார். பாராட்டெல்லாம் உபதேசியாருக்கு, பலகைக்குப் பின்னால் வியர்த்து நிற்கிறவரை யார் கண்டார்கள்? மனைவி லூர்தம்மாளுக்கு அதில் தீராத கோபம்.

அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “ஊர்ச் சாவுக்கெல்லாம் நான் காத்து அடிச்சேன். நான் போறப்ப அந்தப் பெட்டி பாடணும். பாத்துக்க லூர்து.”

“பாடும் பாடும், போய் வேலையப் பாரு” என்று சொன்னவள்தான் அவள்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். வியாழன் காலைப் பூசையில் குளோரியா கீதத்துக்கு மூச்சுமுட்ட அமுக்கினார். அதோடு மணிக்கும் ஆர்கனுக்கும் வாய்க்கட்டு. சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையின் குளோரியா வரை மணிக்குப் பதில் வெறும் மரக்கிலுக்குதான். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். சொம்போடு அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லூர்தம்மாள் சாமியார் காலில் விழுந்தாள். “ஒரே ஒரு பாட்டு, சாமி.”

“ஆண்டவர் பாடுபடுற நாளும்மா. அவருக்கே இப்ப மணியடிக்கிறதில்ல. நான் என்ன பண்ணுவேன்?” சொன்ன சாமியாருக்கும் கண் கலங்கியது. கலங்கி யாருக்கு என்ன லாபம்?

“அப்ப சனிக்கெழம வரைக்கும் வச்சிருக்கேன்.”

“இந்த வெயில்லயா?” என்றார் உபதேசியார்.

வெயிலோடு யார் வழக்காட முடியும்? வெள்ளிக்கிழமை காலையிலேயே ஈ மொய்க்கத் தொடங்கியது. மணியில்லை, பூசையில்லை, பாட்டில்லை. கிலுக்கு கடகடவென்று முன்னே போக, கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். “பாவி நான், சொன்ன சொல்லக் காப்பாத்தலயே!” என்று அவள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் உபதேசியார் வாசலில் தலைகுனிந்து நின்றார். “சாமி கூட்டியாரச் சொன்னாரும்மா. உன் வீட்டுக்காரருக்கு முதுகு வலின்னா நீதான வந்து கட்டைய அமுக்குவ? வேற யாருக்கும் அந்தக் கை வரல. குளோரியாவுக்கு ஆளில்ல.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாசமாய்ப் போகட்டும் உங்கள் பெட்டி என்று வாய்வரை வந்தது. உயிர்த்த ஆண்டவருக்குப் பாட்டு வேண்டாமென்று எந்த வாயால் சொல்வாள்? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மணிகள் அடித்தன. ஆர்கன் முழங்கியது. ஊரே பூரித்து நின்றது. நேற்று எங்கே போயிற்று இந்தச் சத்தம்? நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் அழுதால் கை தளரும், காற்று குறையும், பாட்டு கெட்டுப்போகும். அழவும் வழியில்லாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.