பரிசோதனைக்கு முன்னால் விழுங்கிய மாத்திரைகள்

என் ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்றும் என் மனைவியுடையதில் இருக்கிறது என்றும் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவன். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் நாலு முறை பார்த்தால்தான் மனசு ஆறும். அன்றைக்கு அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கிருமி என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனது.

டைல்ஸ் வேலைக்குப் பெங்களூர் போன இடத்தில் தப்பு செய்தேன். எங்கள் ஊரான உப்பளத்துக்குத் திரும்பி அவளோடு இருந்தபிறகுதான் ஒன்றுக்குப் போனால் எரிய ஆரம்பித்தது. எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் மாதா கோயில் பூசையில் எனக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவர். அதனால் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போனேன். ஃப்ரெண்டுக்கு என்று சொல்லி மாத்திரை கேட்டேன்.

“ஃப்ரெண்டுக்கா? அப்ப நீ ஏன்பா வேர்க்குற?” என்றார் அந்தக் கடைக்காரர். “ஏழு நாளும் விடாம முழுங்கச் சொல்லு. அவன் வூட்டுக்காரம்மாவையும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு.”

மூன்றே நாளில் எரிச்சல் நின்றது. மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும், “வயிறு கியிறு வலிக்குதா?” என்று கேட்டபடி இருந்தேன்.

“என்னங்க, மாசமா இருக்கேன்னு நெனப்பா?” என்று சிரித்தாள்.

மூன்றாவது வாரம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சோதனை செய்து, கிருமி இருக்கிறது என்றதும் என்னையும் கூப்பிட்டார்கள். “பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாதுண்ணே. வலி வந்தப்புறந்தான் பாதிப் பேரு வர்றாங்க” என்ற கவுன்சிலர் அம்மா, “நீங்க முன்னாடி மாத்திரை எதாச்சும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா டெஸ்ட்ல கிருமி சிக்காது” என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன்.

ரிப்போர்ட்டில் இல்லை என்று வந்ததும் முதலில் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. வெளியே வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபிறகுதான், அந்த ரிப்போர்ட் அவளை என்னவாக ஆக்கியிருக்கிறது என்று உறைத்தது.

அவள் கெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் ரூம் சுத்தம் செய்கிறவள். மெதுவாகக் கேட்டாள். “அங்க பாத்ரூம்ல போனதுல வந்திருக்குமாங்க? மாதா சத்தியமா நான் வேற ஒண்ணும் பண்ணல. நல்லவேள, உங்களுக்கு ஒட்டல. என்ன மன்னிச்சிருங்க.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

“என்கிட்டேருந்துதான் வந்துச்சு. பெங்களூர்ல” என்றேன். “எனக்கு முன்னாடியே தெரியும். அரியாங்குப்பத்துல மாத்திரை வாங்கிச் சாப்ட்டேன். அதான் டெஸ்ட்ல வரல.”

யார், எப்போது, எத்தனை தடவை என்று கேட்பாள் என நினைத்தேன். ரிப்போர்ட்டுக்கு முந்தின ராத்திரியெல்லாம் அதற்குத்தான் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

“எத்தன நாள் சாப்ட்டீங்க?”

“மூணு.”

“மீதி?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“எனக்குன்னு தனியா வாங்கியாந்து, சத்து மாத்திரைன்னு பொய் சொல்லியாச்சும் குடுத்திருக்கலாமே” என்றாள்.

பிறகு எழுந்தாள். “வாங்க. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. இல்லன்னா அவங்க என்னயத்தான் நெனச்சிட்டிருப்பாங்க.”

கதவைத் தட்டியது அவள்தான்.