ஓரக்கல்லிலிருந்து மூன்று அடி

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எண்பதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். மின்கேபிள் புதைக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் டிரேசர். சிராங்கூன் சாலைப் பக்கத்துத் தெருக்களில் மண்ணுக்கடியில் ஓடும் கேபிள்களைத் தாளில் மையால் வரைவது என் வேலை. கேபிள் எங்கே கிடக்கிறது என்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரே அளவு: நடைபாதை ஓரக்கல்லிலிருந்து கடைப்பக்கமாக மூன்று அடி.

ஒரு தெருவை அகலப்படுத்தினார்கள். ஓரக்கல்லைப் பெயர்த்துக் கடைகளை ஒட்டிப் பதித்தார்கள். கேபிள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இப்போது அதன்மேல் லாரி ஓடியது. புதிய வரைபடத்தாள் வந்ததும் எங்கள் மேலதிகாரி பழைய குறிப்பேட்டை என் முன்னால் போட்டார். அதே மூன்று அடி.

"சார், கல்லுதானே நகர்ந்துச்சு? கேபிள் நகரலையே. ஆகாயத்துலேருந்து எடுத்த பழைய போட்டோவ வச்சுப் பாத்துடலாம் சார்."

"அதுக்கு பார்ம் எழுதணும், மேல கையெழுத்து வாங்கணும். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? டிரேஸ் பண்ணுங்க லா."

அந்தப் போட்டோ இருந்த இரும்பு அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. சாவி அவர் மேசை டிராயரில். என்ன திமிர் அந்த மனிதருக்கு! எனக்குத்தான் என்ன கேடு? வாயை மூடிக்கொண்டு, புதிய கல்லிலிருந்து மூன்று அடி தள்ளிக் கோடு போட்டேன். தாளின் மூலையில் கையெழுத்தும் போட்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் அந்தத் தெருவில் புதிய கேபிளுக்காக ரோட்டைத் தோண்டும் வேலை வந்தது. தோண்டும் ஆட்களுக்குத் தலைவரான மண்டோர் எப்போதும்போல் பிளானை வாங்க என்னிடம் வந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். பிளானைப் படிப்பதில் எங்கள் அதிகாரிக்கே பாடம் எடுப்பார். ஒவ்வொரு முறையும் "சரிதானே தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் மடிப்பார். அன்று மடிக்கவில்லை.

"இந்தக் கேபிள நான்தான் போட்டேன் தங்கச்சி. அப்ப அங்க ஒரு பெரிய அங்சானா மரம் நின்னுச்சு, அதுக்குப் பக்கத்துலதான் குழி எடுத்தோம். இப்ப மரத்தையும் காணோம். எனக்கென்னமோ கேபிள் ரோட்டுக்கு அடியில இருக்கும்னு தோணுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் சொன்னது வேறு. "பிளான்ல இருக்கறதத்தான் நம்பணும் அண்ணே."

"நீங்க சொன்னா சரி" என்று மடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ரோட்டை உடைத்தபோது கேபிள் வெடித்தது. மனத்தில் சந்தேகம் இருந்ததால் உடைக்கும் இயந்திரத்தை ஆட்களிடம் கொடுக்காமல் மண்டோர் தானே பிடித்திருந்தார். வலது கை வெந்துபோயிற்று. மாவு மில் நின்றது, நகைக்கடைகள் இருண்டன, முறுக்குக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்று கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டோரின் மனைவி மாதா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிளானப் பாக்காம தோண்டினாருன்னு உங்க ஆபீஸர் எழுதிக் குடுத்துட்டாராம். புதன்கிழமை விசாரணை. வேலை போச்சுன்னா செம்பவாங்ல கம்பெனி குடுத்த வீடும் போயிடும்லா. அந்தக் கைய வச்சுகிட்டு அவரு எங்கம்மா போவாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை காலை அதிகாரி காப்பி குடிக்கப் போன நேரத்தில் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தேன். பார்மும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, விசாரணை தொடங்கியதும் நேராக அந்த அறைக்குப் போனேன். எங்கள் வரைபட அளவுக்கே பெரிதாக்கிய படம் அது. அதன்மேல் என் டிரேசிங் தாளை, கடைச்சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி விரித்தேன். அங்சானா மரம் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. அதை ஒட்டிப் பழைய ஓரக்கல். நான் வரைந்த கோடு மட்டும் எங்கோ தள்ளி, கடை வாசலில் ஓடியது.

"இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?" என்றார் அதிகாரி. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை, பாவி!

"ஆமா, என்னோடதுதான். போட்டோவப் பாக்கக் கூடாதுன்னது நீங்க. சந்தேகம் கேட்டு வந்தவர்கிட்ட பிளான நம்புங்கன்னது நான். பிளானப் பாத்துத்தான் தோண்டினாரு அவரு."

மண்டோருக்கு வேலை நிலைத்தது, வீடும் தங்கியது. அதிகாரி வேறு பிரிவுக்கு மாறிப்போனார்; அவ்வளவுதான் அவருக்குத் தண்டனை. அலமாரியின் பூட்டை எடுத்துவிட்டார்கள். அடுத்த நான்கு வருடங்கள் ஒவ்வொரு தாளையும் போட்டோவோடு வைத்துப் பார்த்துத் திருத்தினேன். இடம் தப்பிய கேபிள்கள் எத்தனையோ அகப்பட்டன. ஒவ்வொன்றைத் திருத்தும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

புண் ஆறி மண்டோர் வேலைக்குத் திரும்பிய அன்று, அந்தத் தெருவுக்குத் திருத்திய பிளானை அவர் முன்னால் விரித்து வைத்தேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை; பிளானை வாங்கிக்கொண்டதற்கு இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். "சரிதானே தங்கச்சி?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன்; இந்த முறை நெஞ்சைத் தொட்டு ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவர் தாளை மடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போனார்.