ஏஜென்ட் வீட்டு கேட்

அந்த வெல்டரைத் தெருவில் 'எதுக்கும்' என்றுதான் கூப்பிடுவார்கள். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுறேன்" என்று சொல்லாமல் அவர் எதையும் தொட்டதில்லை. பூட்டிய பூட்டை நாலு முறை இழுப்பார். கல்யாணத்தன்றே நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

இப்பேர்ப்பட்டவர் வெளிநாட்டு வேலைக்கென்று ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தது மச்சினனின் கைங்கரியம். மச்சினன் கொத்தனார், யார் சிரித்தாலும் நம்பிவிடுகிற ரகம்.

"முதல்ல டிரேட் டெஸ்ட், அவங்கவங்க தொழிலச் செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் பாஸ்போர்ட் எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று சொல்லி, ஏஜென்ட் எல்லாப் பாஸ்போர்ட்டையும் கக்கத்துப் பையில் செருகிக்கொண்டார்.

டெஸ்ட் நடந்தது பாதி எழும்பிய ஒரு கட்டடத்தில்; வெளிநாட்டுக் கம்பெனியின் கட்டடம் என்றார் ஏஜென்ட். கொத்தனார்களுக்குச் சுவர்த் தேர்வு, எலக்ட்ரீஷியன்களுக்கு ஒயரிங் தேர்வு. பெயிலானவர் எவருமில்லை, பாஸானவரும் எவருமில்லை. கட்டடம் மட்டும் தேறிக்கொண்டே வந்தது.

"டேய் மாப்ளே, கம்பெனிக்கு எதுக்குடா கொல்லைப்பக்கம் கோழிக்கூடு?"

"ஏன் மாமா, கம்பெனிக்காரன் கோழி வளக்கக் கூடாதா?"

மறுநாள் ஏஜென்டின் மனைவி காரில் வந்து இறங்கினாள். சமையல் மேடையைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஒசத்தச் சொல்லுங்க, குனிஞ்சா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். கம்பெனியின் இடுப்பு யாருடையது என்பது மச்சினனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க சார், நாங்க போறோம்" என்றார் வெல்டர்.

"அவசரப்பட்டா எப்படிப்பா? வாசல் கேட்டை முடி, விசா வந்துடும்."

வெல்டர் வெல்டிங் மெஷினை இறக்கினார். கேட்டை மாட்டினார். ஏஜென்ட் கக்கத்துப் பையோடு உள்ளே நின்று அழகு பார்த்தார். வெல்டர் வெளியே நின்று, இரண்டு கதவும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை பற்றவைத்து ஒட்டினார். பொறி பறந்ததால் ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கேட் மூடியிருந்தது. சுற்றுச்சுவரோ ஆள் உயரத்துக்குமேல்; உச்சியில் கண்ணாடிச் சில்லு வேறு. அதுவும் கொத்தனார்களுக்கு வைத்த ஒரு தேர்வுதான்.

"டேய்! என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"டெஸ்ட்டுதாங்க. நல்லா இழுத்துப் பாருங்க. விட்டுச்சுன்னா நான் பெயில்."

ஏஜென்ட் இழுத்தார், உதைத்தார், தோளால் முட்டினார். தேர்வாளர் என்ற முறையில் அவர் குறை வைக்கவில்லை.

"சரிப்பா, பாஸ்!"

"அப்ப பாஸ்போர்ட்டு. எல்லாருதும்."

கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக வந்தன. வெல்டர் ஒவ்வொரு படத்தையும் ஆளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

"பாவம் மாமா, வெட்டி விட்டுடலாமா?" என்றான் மச்சினன்.

"அதுக்கு இன்னும் டெஸ்ட் வைக்கலையேடா" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தார் வெல்டர்.