பன்னிரண்டு விநாடியில் மாறிய புருஷன்மார்

கம்ப்யூட்டர் வந்துவிட்டது! ஹட்டனிலிருந்து ஆறு மைல் மேலே, மழைக்கு ஒழுகும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் தகரக் கூரைக்குக் கீழே... ஒரு கம்ப்யூட்டர்! மூன்று வாரமாகச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். அடையாள அட்டைக்காக ஆட்களின் பெயர்ப் பட்டியல் அரசாங்கக் கச்சேரிக்குப் போக வேண்டும். எங்கள் பட்டியல் எப்போதும் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில்தான் இருக்கும். கச்சேரிக்கோ இங்கிலீஷ் எழுத்து வரிசையில் வேண்டுமாம். டைப்ரைட்டர் காலமென்றால் என்ன செய்வோம்? பெயர்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசையில் பரப்பி அடுக்குவோம். மூன்று நாள் போய்விடும்.

இப்போது? பெயர்க் கட்டங்களைக் குறித்தேன். 'சோர்ட்' என்று ஒரு கட்டளை. பன்னிரண்டே விநாடி! ஆபீஸே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நான் மீசையை முறுக்காத குறைதான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களின் பெயர் எழுதிய எந்தத் தாளும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வாசிக்காமல் வெளியே போகாது. மறுநாள் கம்பீரமாக வாசித்தேன்.

"லெச்சுமி. கணவர் பெயர் அந்தோணி."

பெரட்டே கொல்லென்று சிரித்தது. அந்தோணியின் மனைவி மேரி கூடையோடு முன்னால் வந்தாள்.

"கிளாக்கரய்யா, கோயில்ல ஓல வாசிக்காம இந்தக் கல்யாணம் எப்பங்க நடந்துச்சு?"

அடுத்த பெயரைப் பார்த்தேன் — அங்கேயும் வேறொருத்தியின் புருஷன்! பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. கணவர் பெயரும் லய நம்பரும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. தோட்டத்துக் குடும்பங்களையெல்லாம் ஒரே கட்டளையில் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

லெச்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"போன தடவ எம் புருஷன் பேரு மாறிப் போனதுக்கே நாலு வருசமா கார்டு இல்லாம அலையுறேங்க. இதுவும் இப்புடிப் போச்சுன்னா, நான் யாருன்னு எங்க போயி சொல்றது?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அன்றுதான் கடைசி நாள். பத்து மணி பஸ்ஸில் பட்டியல் போயாக வேண்டும். ஆபீசுக்கு ஓடினேன். எங்கள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா நிதானமாக மேசை லாச்சியைத் திறந்து ஒரு ஃபிளாப்பியை நீட்டினாள்.

"பழைய பட்டியல் இதுல அப்படியே இருக்குங்க சார். நேத்தே கொப்பி எடுத்து வச்சிட்டேன்."

"எப்படிம்மா தோணுச்சு?"

"நீங்க ரொம்ப குஷியா இருந்தீங்க சார். பயமா இருந்துச்சு."

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்! முதலில் ஒரு கொப்பி. பிறகு எல்லாக் கட்டங்களையும் சேர்த்துக் குறித்துவிட்டு 'சோர்ட்'. அப்படிச் செய்தேன்... மறுபடியும் பன்னிரண்டு விநாடி, அவரவர் குடும்பம் அவரவரோடு! இந்த இயந்திரத்தின் மேல் எனக்குள்ள காதல் இம்மியும் குறையவில்லை.

கவரை ஒட்டுமுன் லெச்சுமி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அவள் பெயரை வாசித்தேன். கணவர் பெயர் செல்லையா.

"இன்னொரு தடவ வாசிங்கய்யா... கேக்க நல்லா இருக்கு."

மூன்று தடவை வாசித்தேன். மூன்று நாளை மிச்சம் பிடித்தவனுக்கு இதற்குக்கூடவா நேரமில்லை?