மச்சானுக்குப் பரிமாறிய களி

என் மனைவியின் தம்பி மெலிந்து வருவதை நான் முதலில் கண்டது அவன் சட்டைக் காலரில். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் போலிருந்தது.

"என்னா மச்சான், உடம்பு சரியில்லையா? சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டேன்.

ஆகியிருக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. ஆனால் சுகர் குறைந்திருந்தது.

அவனும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். அவன் அரசு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று கடலூர் முதுநகரில் இருக்கிறான். இருவரும் ஒரே மாதிரி பருத்தோம். கல்யாணப் பந்திகளில் எங்கள் இருவரையும் வரிசையின் ஓரத்தில் உட்கார வைப்பார்கள், எழுந்திருக்க வசதியாக. அந்த ஓர இடத்தில் எனக்குத் துணையாக இருந்தவன் அவன். இப்போது என்னைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்புகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவன் விளையாட்டுக்கு மெலியவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டிருந்தன. எடையைக் குறைத்துக்கொண்டு தை மாதம் வாருங்கள், குறையாவிட்டால் ஆபரேஷன்தான், இந்த எடையில் அதுவும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்குக் கத்தி என்றால் பயம். அவன் அப்பா, அதாவது என் மாமனார், ஓர் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாதவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பின்னால் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தேன்.

எடை குறைப்பதைப் பற்றி எனக்கு அவனைவிட நிறையத் தெரியும் என்பது என் நினைப்பு. புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்துப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் விற்கும் மாவைக் கரைத்துக் குடித்திருக்கிறேன். சோற்றையே விட்டு முட்டையும் பாதாமுமாக இருந்தபோது வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. அப்போது தெருவில் எல்லாரிடமும் நின்று பேசுவேன், யாராவது கேட்க வேண்டும் என்று. அந்தச் சமயத்தில் பரங்கிப்பேட்டையில் ஒரு பழைய சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணம். பிரியாணியில் ஒரு வாய் வைத்தேன். வைத்ததும், எல்லாம் போச்சு, இனி என்ன என்று தோன்றிவிட்டது. அன்று மூன்று தட்டு. மறுநாள் பூரி. மாதக்கணக்கில் இழந்ததெல்லாம் சீக்கிரமே வட்டியோடு திரும்பி வந்தது. எந்த முறையை எடுத்தாலும் எனக்கு முடிவு இதுதான்.

அவன் முறை என்ன என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முறையெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. எல்லாந்தான் சாப்புடுறேன். மொதல்ல காயி, அப்பறம் சோறு. மொத தடவ போட்டுக்குறதோட சரி. சாயங்காலம் துறைமுகம் வரைக்கும் மெதுவா ஒரு நடை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இத சாவுற வரைக்கும் செய்ய முடியுமான்னு பாத்தேன். முடியும்னு தோணுச்சு."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கேட்டுக்குங்க. நீங்க ஒரு மாசம் பட்டினி கெடந்து என் உசுர எடுத்தீங்க. என் தம்பியப் பாருங்க, சத்தமே இல்ல."

அதன்பின் எங்கள் வீட்டில் 'என் தம்பியப் பாருங்க' என்பது ஓயவில்லை. உறவுக்காரர்கள் வந்தாலும் அதே பேச்சு. புவனகிரியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "அவரு எளைச்சுட்டாரு, நீங்கதான் ரெண்டு பேரு இருந்த எடத்த ஒத்தையா ரொப்புறீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்கழித் திருவாதிரை வந்தது. ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அன்று எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு களிதான். வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும், ஊற்ற ஊற்ற உள்ளே போகும் நெய்யும். கூடவே ஏழு காய்க் கூட்டு. சாமிக்குப் படைத்த களியை எங்கள் குடும்பத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, இலையில் மிச்சம் வைப்பதுமில்லை.

"அக்கா, கொஞ்சமா போடு" என்றான் அவன். மனைவி ஒரு கரண்டி வைத்தாள். அவன் தின்று முடிக்கும் நேரத்தில் நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் யாருக்கும் பரிமாறியதில்லை.

"போதும் மாமா" என்று அவன் இலைமேல் கையை விரித்தான்.

"பிரசாதம் மச்சான். நடராஜருக்குப் படைச்சது. இன்னைக்குப் போய் வேணாங்கலாமா?"

கரண்டியை அவன் கைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். இலையில் குவித்தேன். அதன்மேல் மறுபடியும் வைத்தேன், குழி பறித்து நெய் ஊற்றினேன். முழுவதும் தின்றான். மனைவி கூட்டுப் பாத்திரத்தோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

கிளம்பும்போது ஒரு டப்பா நிறையக் களியையும் கையில் கொடுத்து பஸ் ஏற்றினேன். பரங்கிப்பேட்டையில் எனக்கு ஆனது அவனுக்கும் ஆகும், இனி அவனால் நிறுத்த முடியாது என்று உறுதியாக நம்பினேன். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

சில நாள் பொறுத்துப் போன் செய்தேன். "என்னா மச்சான், களி தீந்துச்சா?"

"அன்னைக்கே பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்தாச்சு மாமா."

"நீ அன்னைக்கு அவ்வளவு சாப்டியே, அப்பறம்?"

"அப்பறம் என்னா, அன்னைக்கு திருவாதிரை. மறுநாள் திருவாதிரை இல்லியே. எப்பவும் போலதான்."

போனை வைத்தேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்பது என் புத்தி. அந்தப் புத்தியை ஆயுதமாக்கி அவன்மேல் எறிந்தேன். அது அவன்மேல் படவே இல்லை.

தை மாதம் டாக்டர் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்தி கேட்டு மனைவி அழுதாள். நான் போனில் சந்தோஷம் என்றேன். குரலில் அது வரவில்லை என்பது எனக்கே கேட்டது.

அந்த வாரம் முதுநகருக்குப் போனோம். சாயங்காலம் என்னையும் நடக்க அழைத்துப் போனான். அவன் முன்னால் போவதும் எனக்காக நிற்பதுமாக இருந்தான். படகுகள் கட்டியிருந்த இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

"மச்சான், அன்னைக்குக் களிய நான் அன்பா போடல."

"தெரியும் மாமா."

"எப்படி?"

"ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிக்காத மனுசன், ஓடியாந்து கரண்டியப் புடிச்சா தெரியாதா?"

"தெரிஞ்சுமா சாப்ட?"

"களி நல்லா இருந்துச்சு" என்று சிரித்தான். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா பஸ்ல திரும்பி வரப்ப பயமா இருந்துச்சு மாமா. அப்பா ஞாபகம் வந்துருச்சு."

மன்னித்துவிடு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அதை அவனிடம் சொல்லவில்லை.

இப்போது நானும் முதல் தடவையோடு நிறுத்துகிறேன். நிறுத்த முடியாத நாளும் உண்டு, மறுநாள் பழையபடி. என் காலரும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனால் அவன் வாசலில் செருப்பைக் குனிந்து கழற்றிவிட்டுச் சிரமமில்லாமல் நிமிரும்போது, மறுபடி பருக்கமாட்டானா என்று என் கண் இன்னமும் அவன் காலருக்குத்தான் போகிறது.

மனைவி அந்தத் திருவாதிரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. தம்பி சாப்பிட வரும் நாளில் மட்டும், பரிமாறி முடியும்வரை கரண்டியைக் கீழே வைப்பதில்லை.