ஓடாவி ஏறி வந்த லாரி

உலக யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் தூத்துக்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுவதும் நான்தான், கோளாறு வந்தால் அடியில் படுத்துப் பிரிப்பதும் நான்தான். பட்டாளத்துக்காரர்கள் அடித்து ஓட்டிவிட்டு ஏலத்தில் தள்ளிய டீசல் வண்டி அது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெட்ரோல் லாரியும் கரியை எரித்து ஓடும் லாரியும்தான் அதிகம். டீசலை ‘குரூடாயில்’ என்போம். குரூடாயில் வண்டிக்காரன் என்றால் துறைமுகத்தில் தனி மதிப்பு. அந்த மதிப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வண்டியின் லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நின்ற இடமெல்லாம் ஈரம். எஞ்சின் அடியில் ஆயில் சொட்டும், குழாய் மூட்டில் டீசல் கசியும், ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகும். ஒரு வாரம் நிறுத்திச் சரி பார்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டால், “ஓடுத வண்டிய எதுக்குவே நிறுத்தணும்?” என்பார். அதனால் ஒரு வாளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அது குடிக்கக் குடிக்க ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், காற்றும் இல்லை மழையும் இல்லை, கடல் தானாகப் பொங்கித் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவர் ஊருக்குள் புகுந்துவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் ஊருக்கு இருந்த ஒரே நல்ல கிணறு உப்பாகிப் போயிற்று. தூத்துக்குடியிலேயே கோடையில் தண்ணீர்ப் பஞ்சம், அங்கிருந்து கொடுக்க வழியில்லை. அந்த ஊர்ப் பங்குச்சாமியார் முதலாளியிடம் வந்து பேசி, ஏரலில் ஆற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார். தேரி என்கிற செம்மணல் மேட்டில் வண்டியை இறக்க வேறு எந்த டிரைவரும் சம்மதிக்கவில்லை. நான் பெருமையாக ஒத்துக்கொண்டேன்.

முதல் சில நடைகள் நன்றாகப் போயின. வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் சுமக்கிற வண்டியே வழியெல்லாம் தண்ணீர் கேட்டது. குடத்தோடு வரிசையில் நிற்கிற சனங்களைப் பார்த்த பிறகு, அவர்கள் குடிக்கிற தண்ணீரை லாரிக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. திரும்பும்போது அந்த உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டேன். உப்பு விடுமா? ஒரு நாள் பீப்பாய்களை இறக்கிவிட்டுக் கிளம்பினால், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஆவி பீறிட்டு வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டர் குழல்களில் உப்பும் துருவும் படிந்து அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சுற்றி அனுப்பும் பம்பிலும் ஒழுக்கு. ரப்பர் குழாய் வேறு வெடித்திருந்தது.

ஆள் அனுப்பினால் முதலாளியிடமிருந்து வந்த பதில், உதிரிச் சாமான் சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்பது. மாட்டு வண்டி ஒன்று ஒரு பீப்பாய் கொண்டுவந்தது. மணலில் மாடு படுத்துவிட்டதால் அதுவும் மறுபடி வரவில்லை. நான் கடைசியாக இறக்கிய தண்ணீர்தான் ஊருக்கு மிச்சம். அது தீருவதற்குள் லாரி ஓடியாக வேண்டும்.

அப்போதுதான் அந்த ஊர் ஓடாவி வந்தார். வள்ளம் என்கிற படகைக் கட்டும் தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். என் வயதுதான் இருக்கும். அடக்க ஒடுக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. தன்னைப் போல வேலைக்காரன் மணப்பாடு வரைக்கும் இல்லை என்று அவரே சொல்வார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“என்னவே, முன்னாலயும் ஒழுகுது, அடியிலயும் ஒழுகுது. எங்க ஊரு ஓட்ட வள்ளம் தேவல போலிருக்கே!”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இது வள்ளம் இல்லவே, எஞ்சின்” என்றேன்.

“எதுவா இருந்தா என்ன? பஞ்சும் குங்கிலியமும் வச்சு நான் கலப்பத்து அடிச்சா, அம்மாம் பெரிய கடலே உள்ள வராது. இந்த ஒரு வாளித் தண்ணி வெளிய போயிருமாக்கும்?”

பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசி அடைப்பதைத்தான் அவர்கள் கலப்பத்து என்பார்கள். “கடல் கொதிக்காது, இது கொதிக்கும். உம்ம குங்கிலியம் உருகி ஓடிரும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “அப்பம் கொதிக்கிறதுக்கு எது தாங்கும்னு நீரு சொல்லும். அடைக்கத நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தோம், சேர்ந்தே சண்டை போட்டோம்.

ரேடியேட்டரைக் கழற்றி மணலில் வைத்தேன். இதை எதைக்கொண்டு கழுவுவது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது ஓடாவியின் மனைவி, “அண்ணாச்சி, இது பித்தளைதானே? பித்தளைக்குப் புளிதானே” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வீடு புளி வந்தது. வலைக்குச் சாயம் காய்ச்சுகிற அண்டாவில் கடல் தண்ணீரை ஊற்றிப் புளியைக் கரைத்துக் காய்ச்சி, படகின் பாய்த்துணியில் வடிகட்டி, சூடாக ரேடியேட்டரில் ஊற்றினோம். இரண்டு பேர் அதைத் தூக்கிக் குலுக்கினார்கள். முதலில் செங்கல் நிறத்தில் சேறு வந்தது. ஊற்ற ஊற்ற வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஊற்றியது அப்படியே வெளியே வந்தது. பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடித்த விதம் இன்னும் அழகு. அந்த ஊர் ஆண்களில் பலர் சங்கு குளிக்கிறவர்கள், முத்துக் குளிக்கிற சலாபக் காலம் என்றைக்கு வரும் என்று காத்திருந்தவர்கள். கடல் கலங்கியிருந்ததால் கரையில் சும்மா இருந்தார்கள். ரேடியேட்டரின் வாய்களில் மரக்கட்டை அடித்து மூடி, ஒரு வாயில் மட்டும் குழாயைச் செருகி, இடுப்பளவு கடலில் அமிழ்த்தினோம். ஒரு சங்கு குளிக்கிறவர் குழாயில் வாயை வைத்து ஊதினார். அப்பா, என்ன மூச்சு! பட்டறையில் துருத்திகூட அப்படி ஊதாது. பொடிப் பொடியாகக் குமிழி எழும்பிய இடங்களையெல்லாம் ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன். பிறகு சிரட்டைக் கரியில் இரும்பைக் காய்ச்சி ஒவ்வோர் ஓட்டைக்கும் ஈயம் வைத்தேன். வெடித்த ரப்பர் குழாயைப் பாய்த்துணியால் சுற்றித் தூண்டில் கயிற்றால் மீனவர்கள் போட்ட முடிச்சை அவிழ்க்க, பின்னால் நான் கத்தியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆயில் ஒழுக்கையும் டீசல் கசிவையும் நானே முறுக்கி, பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்துச் சரி செய்தேன்.

மிச்சம் பம்பு. அதன் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு மாதிரி ஒன்றைச் சுற்றித் திணித்து, மேலே நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தக் கயிறு மக்கிப் போயிருந்தது. ஓடாவி பஞ்சைத் திரித்து, ஆட்டுக் கொழுப்பை உருக்கி அதில் ஊறவைத்து, தன் கலப்பத்து உளியால் சுற்றுச் சுற்றாகத் திணித்தார். அந்தக் கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நட்டை நான் அளவாக இறுக்கினேன். சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது பம்பிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது.

“இன்னும் சொட்டுதுவே” என்றார் ஓடாவி.

“சொட்டணும். அந்த ஈரம் இல்லன்னா தண்டு உரசிச் சுட்டுப் பஞ்சு கருகிரும்” என்றேன்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவர் அடைத்த இடத்தில் ஒரு துளி கசிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் ரேடியேட்டரிலிருந்த கிணற்றுத் தண்ணீரை வடித்துவிட்டேன். இனி நல்ல தண்ணீர் வேண்டும். மறுபடி உப்பை ஊற்றினால் பழையபடி மணலிலேயே நிற்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஊரில் மிஞ்சியிருந்தது பால்குடிப் பிள்ளைகளுக்கும் காய்ச்சலில் படுத்தவர்களுக்கும் என்று வைத்திருந்த தண்ணீர்தான். அதை லாரியில் ஊற்றி, லாரி வழியில் ஒழுக விட்டுவிட்டால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு. அதை நான் எப்படிக் கேட்பது? 

ஓடாவியின் மனைவி இடுப்பில் குடத்தோடு வந்தார். அவர் வீட்டில் கைக்குழந்தை உண்டு. “எங்க வீட்டு ஆளு அடைச்ச வேலைக்கு எங்க வீட்டுத் தண்ணிதான் மொதல்ல. ஊத்துங்க அண்ணாச்சி” என்றார். குடத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு துளி சிந்தாமல் ஊற்றினேன். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து செம்பிலும் குடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள்.

நான் ஏறி உட்கார்ந்தால், ஓடாவி முன் சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் உளி, மடியில் கொழுப்பில் ஊறிய பஞ்சுத் திரி. எங்கே என்று கேட்டேன். ஊரே எனக்குப் பதில் சொன்னது. கலப்பத்து அடித்தவன் அந்த வள்ளத்தின் முதல் ஓட்டத்தில் ஏறிப் போயாக வேண்டும், அது அங்கே வழக்கம். முழுகினால் அவனும் முழுகட்டும் என்றுதான் முன்னோர் வைத்தார்களாம்.

கிளம்பினோம். எந்தக் கடலிலும் அசையாத மனுஷர், தேரி மேட்டின் குலுக்கலில் வாந்தி எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பனங்காட்டைத் தாண்டும்போது கொழுப்புக் கருகும் நாற்றம் வந்தது, பம்பு கிறீச்சிட்டது. உடனே நிறுத்தினேன். நட்டில் கை வைத்தால் சுட்டது. நான் விட்டிருந்த அளவில் அது இல்லை. இறுகிக் கிடந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் சொன்னார்: “நான்தான்வே இறுக்குனேன். விடியக்காலம் வந்து இறுக்குனேன். சொட்டுதது பொறுக்கல.”

அவ்வளவுதான். சாக்கில்லை, சுற்றிவளைப்பில்லை. நான் ஆயிரம் பேச வைத்திருந்தேன். அந்த ஒரு பேச்சில் எல்லாம் அடங்கிப்போயிற்று. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அளவு தவறி இறுக்கியது நான்தானோ என்று என்னையே சந்தேகப்பட்டிருப்பேன். எஞ்சின் ஆறியதும், அந்த ஊர்ப் பிள்ளைகளின் தண்ணீரை வாளி வாளியாக வடித்துக் காலிப் பீப்பாயில் சேர்த்தோம். ஒரு கையளவுகூட மண்ணில் விழவில்லை. கருகிய பஞ்சை அவர் கிளறி எடுத்தார், மடியிலிருந்த புதுத் திரியைத் திணித்தார். நட்டை இறுக்க ஸ்பானரை என்னிடம் நீட்டினார். “நீரே இறுக்கும்” என்றேன். மெதுவாக, தளர்த்தியும் திருகியும், வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, எப்போதாவது ஒரு சொட்டு என்று வரும்வரை வைத்தார். அந்தச் சொட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

அதன் பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. ஏரலில் ஆற்றில் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினோம். சனம் ஓடி வந்தது. பிள்ளைகள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தன. “நம்ம ஓடாவி அடைச்சா சும்மாவா!” என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடத் தயாராக இருந்தது. நடந்ததை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை.

அவர் மட்காட்டிலிருந்து இறங்காமலே சத்தமாகச் சொன்னார்: “ஏலே, எல்லாரும் கேளுங்க. டிரைவரண்ணாச்சி வேண்டாம்னு சொன்னத நான் இறுக்கிட்டேன். பாதி வழியில நம்ம தண்ணி அம்புட்டும் போயிருக்கும். லாரிப் பம்பு சொட்டணும், அதுதான் அதுக்கு நல்லது. தெரிஞ்சுக்கிடுங்க.”

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். “மொதல்ல எறங்கி மூஞ்சியக் கழுவும், ஒரே வாந்தி நாத்தம்” என்றார். ஊரே சிரித்தது. கிணறு நல்ல தண்ணீராகும் வரை அந்த வண்டி ஒரு நடைகூடத் தவறவில்லை.

பின்னால் நான் சொந்தமாகப் பட்டறை வைத்தேன். எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்துவிட்டேன். வேலை முடிந்த லாரி முதல் ஓட்டம் கிளம்பும்போது நானும் ஏறி உட்கார்ந்துவிடுவேன். உங்கள் வேலைமேல் உங்களுக்கே நம்பிக்கையில்லையா என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். நம்பிக்கையெல்லாம் இருக்கிறது. ஆனாலும் நடுவழியில் வண்டி நின்றுபோனால், ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டியவன் பட்டறை நிழலில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அந்த வெயிலில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.